அவசரப் பிழைத்திருத்தம்: கேட்கும் முறையும் வரிசைப்படுத்தும் முறையும்

பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதக் காலையில், எட்டு மணிக்குள் எங்கள் கல்முனை மென்பொருள் அலுவலகத்து வட்ஸ்அப்புக்கு நான்கு செய்திகள் வந்திருந்தன. மூன்றில் "அவசரம்" என்ற சொல் இருந்தது. ஓர் இடத்தில் பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது. ஓர் இடத்தில் கடவுச்சொல்லை மறந்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் பில் துண்டின் தலைப்பில் கடையின் படம் கோணலாக அச்சாகியிருந்தது. நான்காவது செய்தி சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலை ஒன்றின் கணக்கு எழுதுபவரிடமிருந்து வந்தது: "தம்பி, சில துண்டில கழிவு கொஞ்சம் கூடப் போற மாதிரி இருக்கு. நேரம் கிடைச்சா பாருங்க."

அன்று உண்மையில் அவசரமாக இருந்தது அந்த நான்காவதுதான். நெல்லை நிறுத்துக் கொடுக்கும் எடைத் துண்டில், ஈரத்துக்காகக் குறைக்கும் எடைதான் அந்தக் கழிவு. விவசாயிகளின் காசு துண்டுக்குத் துண்டு குறைந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைக் கையில் எடுத்தபோது பிற்பகல் மூன்று மணி.

அந்த ஏழு மணி நேரத்தைக் குறைக்கத்தான் இந்த வழிகாட்டி. ஆலை, கடை, அலுவலகம் என்று மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும், ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ படிப்பை முடித்துப் புதிதாகக் குழுவில் சேரும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் வந்தவை.

1. நல்ல நாளிலேயே தயார் செய்ய வேண்டியவை

பிழை வந்த பிறகு தேடினால் கிடைக்காத சில பொருள்கள் உண்டு.

முதலாவது, முறைப்பாடுகள் வந்து சேர ஒரே ஓர் இடம். கிட்ஹப் இஷ்யூ, ஜிரா, பக்ஸில்லா என்று முறைப்பாடு பதியும் கருவி எதுவானாலும் சரி. சின்னக் குழுவென்றால் பகிர்ந்த ஒரு கூகுள் ஷீட்கூடப் போதும். வட்ஸ்அப் குழு போதாது. காலையில் வந்த முறைப்பாடு, மத்தியானம் நான்கு பேர் போடும் பிறந்தநாள் வாழ்த்துக்கு அடியில் புதைந்துவிடும். போனில் சொல்பவர்கள் சொல்லட்டும். போனை எடுத்தவரே அதைப் பட்டியலில் எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, பதிப்பு எண் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். "புதுசுதான் போட்டிருக்கு" என்ற பதிலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் எடைத் துண்டுகளின் கீழ் மூலையில் 2.4.0 என்று சின்ன எழுத்தில் அச்சாகும். அந்தக் கழிவுப் பிழை எந்த அப்டேட்டோடு வந்தது என்பதை ஆலைக்குப் போகாமலே தெரிந்துகொண்டது அதனால்தான்.

மூன்றாவது, முந்தைய பதிப்பின் நிறுவல் கோப்பும் நேற்றைய பேக்கப்பும். பேக்கப்பை வேறொரு கணினியில் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். எடுத்த பேக்கப் திறக்கவில்லை என்பதை அவசரம் வந்த அன்று கண்டுபிடித்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, "இன்றைக்கு எது முதலில்" என்று முடிவு செய்ய ஒரு பெயர். அவர் இல்லாத நாளுக்கு இன்னொரு பெயர். பெயர் இல்லாவிட்டால் கடைசியாகப் போன் எடுத்தவரின் வேலைதான் முதலில் நடக்கும்.

2. சேதத்தை நிறுத்துங்கள், பிறகு எழுதுங்கள்

பிழை என்று தெரிந்ததும் புதியவர்கள் செய்யும் முதல் காரியம் மென்பொருளை அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவது. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மென்பொருள் தான் செய்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு போய்விடும், அமைப்புகள் போய்விடும், சில நேரம் தரவும் போய்விடும். பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

பதிலாக, தவறு நடக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் நிறுத்துங்கள். கழிவு பிழையாகப் போகிறது என்றால் துண்டு போடுவதை நிறுத்திவிட்டு, கார்பன் தாள் வைத்த பழைய ரசீதுப் புத்தகத்துக்குத் திரும்புங்கள். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது இது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கையால் எழுதிய துண்டைப் பிறகு கணினியில் ஏற்றலாம். பிழையான துண்டோடு காசு வாங்கிக்கொண்டு போனவரைத் தேடிப் பிடிப்பது அதைவிடப் பல மடங்கு வேலை.

அடுத்து, அந்த நேரத்துத் தரவை அப்படியே ஒரு நகல் எடுத்து, திகதியும் நேரமும் போட்டுத் தனியாக வையுங்கள். திருத்துபவர் பார்க்க வேண்டியது பிழை நடந்த நிலையைத்தான். இரண்டு நாள் கழித்து எடுத்த நகலில் அந்தத் தடயம் மூடப்பட்டிருக்கும்.

பிழைச் செய்தி ஏதாவது திரையில் நின்றால் மூடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்சாரம் எந்த நேரமும் போகலாம் என்ற இடத்தில் இருந்தால் இதுதான் முதல் வேலை.

3. பிழையை உங்கள் கையால் மீண்டும் வரவழையுங்கள்

திருத்துபவர் தன் மேசையில் பிழையைப் பார்த்தால்தான் திருத்த முடியும். அதனால், எதைச் செய்தால் அது வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது பாதித் தீர்வு.

அந்த ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். நெல்லில் ஈரம் கூட இருந்தால் எடையில் ஒரு வீதம் கழிப்பார்கள். 2,600 கிலோ நெல், 2 சதவீதக் கழிவு என்றால் 52 கிலோ போய் 2,548 கிலோவுக்குக் காசு. முதலில் அவர் சொன்னது "கிட்டத்தட்ட நூறு கிலோ போகுது" என்று. நாங்களும் கழிவு வீதம் இரண்டு தடவை கூட்டப்பட்டு 4 சதவீதம் ஆகிறது என்று நினைத்து, அந்தக் கணக்கு எழுதிய இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் வீணாகப் போனது.

பிறகுதான் அவர் துண்டைப் பார்த்துச் சரியான எண்ணை வாசித்தார்: 2,497.04.

தசமத்துக்குப் பின்னால் இருந்த அந்த 04 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. 4 சதவீதம் கழிந்திருந்தால் 2,496 என்று முழு எண் வந்திருக்கும். 2,497.04 என்றால், ஏற்கனவே கழித்த 2,548 இல் இருந்து திரும்பவும் 2 சதவீதம், அதாவது 50.96 கிலோ, போயிருக்கிறது. அப்படியானால் சேமித்த துண்டை யாரோ மீண்டும் சேமித்திருக்கிறார்கள். "துண்டைப் போட்ட பிறகு திரும்பத் திறந்தீங்களா?" என்று கேட்டோம். "ஓம், ட்ராக்டர் நம்பர் பிழைச்சுது, மாத்தினன்" என்றார். ஐந்து நிமிடத்தில் எங்கள் கணினியிலும் பிழை வந்தது.

ஆகவே எண்ணை எழுதும்போது திரையில் உள்ளபடியே எழுதுங்கள். தசமத்தை விடாதீர்கள், மட்டம் தட்டாதீர்கள்.

மீண்டும் வரவழைக்கும்போது ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். எடையை மாற்றிப் பார்த்தால் அதே கழிவை வையுங்கள். கழிவை மாற்றினால் எடையை அப்படியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், பிழை மறைந்தாலும் எதனால் மறைந்தது என்று தெரியாது. நான்கைந்து முறை முயன்றும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். "பத்தில் இரண்டு தடவைதான் வருகிறது" என்பதும் பெரிய தடயம்தான்.

4. கோரிக்கையை எழுதுதல்

இனித்தான் பட்டியலில் பதிய வேண்டும். "அவசரம்" என்ற சொல்லை எழுதாமல், வாசிப்பவர் தானே "இது அவசரம்" என்று சொல்லும்படி எழுதுங்கள். அந்தச் சொல்லை எல்லோரும் போடுவதால் அதை வைத்து யாராலும் ஒன்றையும் பிரித்தறிய முடியாது. பாதிப்பை எண்ணோடு சொன்னால் முடியும்.

அந்தக் கணக்கு எழுதுபவரோடு உட்கார்ந்து நாங்கள் எழுதிய கோரிக்கை இதுதான்:

தலைப்பு: சேமித்த எடைத் துண்டைத் திருத்தி மீண்டும் சேமித்தால் ஈரக் கழிவு இரண்டாம் முறையும் போகிறது.

பதிப்பு: 2.4.0. நேற்று முன்தினம் அப்டேட் செய்தது. அதற்கு முன் இந்தப் பிரச்சினை இல்லை.

செய்தது: புதிய துண்டு, எடை 2,600 கிலோ, கழிவு 2 சதவீதம், சேமித்தேன். தேறிய எடை 2,548 வந்தது. பிறகு அதே துண்டைத் திறந்து ட்ராக்டர் நம்பரை மட்டும் மாற்றிச் சேமித்தேன்.

வர வேண்டியது: 2,548 அப்படியே இருக்க வேண்டும்.

வந்தது: 2,497.04. ஐந்து தடவை செய்தேன், ஐந்திலும் வந்தது.

பாதிப்பு: இதுவரை திருத்திய துண்டுகள் 11. அவற்றில் 9 பேருக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. இன்று மாலைக்குள் இன்னும் 30 வண்டி வரலாம்.

இப்போதைக்குச் செய்வது: துண்டைத் திருத்துவதை நிறுத்திவிட்டோம். பிழைத்தால் ரத்துச் செய்து புதிதாகப் போடுகிறோம்.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்று வழி இருக்கிறது என்று சொன்னால் தங்கள் வேலையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அதை மறைத்தால், திருத்துபவர் அரைகுறைத் திருத்தத்தை அவசர அவசரமாக அனுப்புவார். அதில் பாதிக்கப்படப் போவதும் நீங்கள்தான்.

ஒரு கோரிக்கையில் ஒரு பிழை மட்டும். "கழிவும் பிழை, படமும் கோணல், இன்னொரு ரிப்போர்ட்டும் வேணும்" என்று ஒன்றாக எழுதினால், படத்தைச் சரிசெய்தவர் முழுவதையும் "முடிந்தது" என்று மூடிவிடக்கூடும்.

தமிழ் எழுத்து சம்பந்தப்பட்ட பிழை என்றால் படம் மட்டும் போதாது, அந்த எழுத்தையே நகலெடுத்து ஒட்டுங்கள். நம் பகுதியில் பழைய கோப்புகள் நிறைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துக்களின் குறியீடு. யூனிகோடில் அடித்த பெயரும் பாமினியில் அடித்த பெயரும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றைத் தேடினால் மற்றது வராது. படத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இணைக்கும் படங்களில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், போன் நம்பர், கடன் பாக்கி எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். பட்டியலை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

5. தீவிரம் வேறு, முன்னுரிமை வேறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் அதிகச் சண்டை வருகிறது. பிழை எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பது தீவிரம். அதை எந்த வரிசையில் எடுப்பது என்பது முன்னுரிமை. தீவிரம் பிழையோடு பிறந்தது, அடிக்கடி மாறாது. முன்னுரிமை நாளைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் மாறும்.

தீவிரத்தை எப்படி வரையறுப்பது என்பதற்கு டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டம் நல்ல பாடம். அங்கே மிக மேலான நிலையில் ஒரு பிழையை வைக்க வேண்டுமென்றால், அது கணினியில் உள்ள சம்பந்தமில்லாத வேறு மென்பொருளை உடைக்க வேண்டும், அல்லது பெரிய அளவில் தரவை இழக்கச் செய்ய வேண்டும், அல்லது பாதுகாப்பு ஓட்டை ஏற்படுத்த வேண்டும். எத்தனை பேர் கத்தினார்கள் என்பது அந்த வரையறையில் இல்லை. மேல் மூன்று நிலைகளில் உள்ள பிழைகள்தான் புதிய பதிப்பின் வெளியீட்டையே தடுக்கும்.

எங்கள் குழுவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நான்கு கேள்வி கேட்கிறோம். காசோ தரவோ இந்த நிமிடம் பிழையாகப் போகிறதா? போனதைத் திரும்பச் சரிசெய்ய முடியுமா? எத்தனை பேருடைய வேலை நின்றிருக்கிறது? வேறு வழியில் அந்த வேலையைச் செய்ய முடியுமா? கேள்விகளை இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். முதல் இரண்டில் மோசமான பதில் வந்துவிட்டால் மற்றவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மென்பொருள் திறக்கவே இல்லை என்றால் பதறுவோம். அது பெரிய பிரச்சினைதான். ஆனால் திறக்காத மென்பொருள் யாருடைய கணக்கையும் கெடுக்காது. நன்றாக ஓடிக்கொண்டே பிழையான எண்ணைத் தருவதுதான் அதைவிட ஆபத்து. யாரும் போன் எடுக்கமாட்டார்கள், யாரும் கோபப்படமாட்டார்கள், ஒவ்வொரு மணி நேரமும் கெட்டுப்போன தரவு கூடிக்கொண்டே போகும். அந்தக் கழிவுப் பிழையை நாங்கள் காலையிலேயே எடுக்காததற்குக் காரணம், சொன்னவர் மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். அதன் பிறகு "கணக்கு", "எடை", "காசு" என்ற சொற்கள் வரும் எந்தச் செய்தியையும், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும், முதலில் திறக்கிறோம்.

இன்னோர் உதாரணம். அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் ஒரு படிவம் பழைய 9 இலக்கமும் கடைசியில் வி எழுத்தும் உள்ள எண்ணை ஏற்கிறது, புதிய 12 இலக்க எண்ணை ஏற்கவில்லை. சேமிக்க முடியாமல் இளம் வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள். இது தீவிரம்தான். ஆனால் எண்ணைக் குறிப்புப் பகுதியில் எழுதிவிட்டுத் தொடர முடியும் என்றால் நாளை காலை வரை தாங்கும். அதே படிவம் 12 இலக்கத்தை ஏற்றுக்கொண்டு கடைசி இரண்டு இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டிச் சேமிக்கிறது என்றால், இன்றே எடுக்க வேண்டும். வெட்டுப்பட்டது எந்த இலக்கம் என்பதைப் பிறகு யாரும் ஊகிக்க முடியாது.

காலத்தைப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஆலையின் எடைப் பிழை பங்குனியில் முதல் வரிசை, அறுவடை இல்லாத ஐப்பசியில் மூன்றாம் வரிசை. மருதமுனையில் சாரம் விற்கும் கடைக்குப் பெருநாளுக்கு முந்தைய பத்து நாளில் பில் மெதுவாக வருவதே பெரிய பிழை. இதை மென்பொருள் எழுதுபவர் தானாக அறிந்துகொள்ளமாட்டார். கேட்பவர் கோரிக்கையில் எழுத வேண்டும்.

முதல் வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு பிழைக்கு மேல் இருக்க நாங்கள் விடுவதில்லை, ஏனென்றால் திருத்த இரண்டு பேர்தான் இருக்கிறோம். மூன்றாவது வந்தால், முடிவு செய்பவர் இருப்பதில் ஒன்றைக் கீழே இறக்க வேண்டும். இறக்கப்பட்டவருக்கு அவரே போன் பண்ணிக் காரணத்தையும் அடுத்த நேரத்தையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர், பழைய வாடிக்கையாளர், அதிகம் காசு தருபவர் என்று அழுத்தம் வரும். நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். நான்கு கேள்விகளுக்கான பதில் எழுத்தில் இருந்தால், "இல்லை காக்கா (அண்ணா), இதுக்குப் பிறகுதான் உங்கட" என்று மரியாதையோடு சொல்ல முடிகிறது.

6. பிழை இன்னொருவரின் திட்டத்தில் இருந்தால்

நாம் எழுதும் மென்பொருளில் பாதிக்கு மேல் பிறர் எழுதிய திறந்த மூல நூலகங்கள், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்புகள். பிழை அங்கே இருந்தால் அங்கே கேட்க வேண்டும், அங்கே முறையும் வேறு.

அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்த இரவில் செய்கிறார்கள். உங்கள் கெடு அவர்களைக் கட்டுப்படுத்தாது. "எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது, மனம்தான் புண்படும்.

முதலில் அதே பிழை ஏற்கனவே பதியப்பட்டிருக்கிறதா என்று, மூடிய பதிவுகளையும் சேர்த்துத் தேடுங்கள். பிறகு அவர்களின் கடைசிப் பதிப்பில் சோதியுங்கள். இரண்டு வருடப் பழைய பதிப்பில் உள்ள பிழையைச் சொன்னால் வரும் முதல் பதில் "புதியதில் பாருங்கள்" என்பதுதான். அதோடு ஒரு நாள் போய்விடும், நேர வித்தியாசமும் சேரும்.

உங்கள் முழு மென்பொருளையும் அனுப்பாமல், பிழையை மட்டும் காட்டும் இருபது முப்பது வரி நிரலாகச் சுருக்குங்கள். சுருக்கும்போதே பிழை உங்களுடையது என்று தெரிந்துவிடுவது அடிக்கடி நடக்கும். புதியவர்களுக்கு நான் இதைத் தவறாமல் செய்யச் சொல்வது அதனால்தான்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் பொதுப் பட்டியலில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். திட்டத்தின் பாதுகாப்புக் குறிப்பில் உள்ள தனி முகவரிக்கு அனுப்புங்கள். திருத்தம் வருவதற்கு முன் பொதுவில் எழுதினால், திருத்துபவருக்கு முன் திருடன் வாசிப்பான். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளியானபோது அதன் ஆபத்து மதிப்பெண் 10க்கு 10. தங்கள் மென்பொருளுக்குள் அந்த நூலகம் இருக்கிறதா என்பதே தெரியாமல் உலகம் முழுக்கக் குழுக்கள் தேடின. நீங்கள் பயன்படுத்தும் நூலகங்களின் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு இன்றே எழுதி வையுங்கள்.

7. திருத்தம் சிறியதாக இருக்கட்டும்

முதலில் முடிவு செய்ய வேண்டியது, முந்தைய பதிப்புக்குத் திரும்புவதா, திருத்தி முன்னே போவதா என்பது. புதிய அப்டேட் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றவில்லை என்றால் திரும்புவதுதான் வேகமான வழி. மாற்றியிருந்தால், பழைய பதிப்பு புதிய அமைப்பைப் புரிந்துகொள்ளாது. திரும்பினால் இன்னொரு பிழையை வாங்குவீர்கள்.

எந்த மாற்றத்தில் பிழை வந்தது என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை, நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனையில் இடத்தைக் காட்டிவிடும்.

திருத்தத்தை, பயனாளர் கையில் உள்ள பதிப்பிலிருந்து ஒரு கிளையை (நிரலின் தனி நகலை) பிரித்துச் செய்யுங்கள். நீங்கள் இன்று எழுதிக்கொண்டிருக்கும் கிளையில் பாதி முடிந்த வேறு வேலைகள் இருக்கும். அங்கே திருத்தி அனுப்பினால் அவையும் சேர்ந்து ஆலைக்குப் போய்விடும்.

பிழையைக் காட்டும் சோதனையை முதலில் எழுதுங்கள். 2,600 ஐப் போட்டு, இரண்டு தடவை சேமித்து, 2,548 வருகிறதா என்று பார்க்கும் சோதனை. அது முதலில் தோற்க வேண்டும். தோற்காத சோதனை வேறு எதையோ சோதிக்கிறது என்று அர்த்தம். பிறகு திருத்துங்கள், அது தேற வேண்டும்.

அந்த ஒரு பிழையைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். இது நான் பட்ட பாடு. ஒரு தடவை கடன் நினைவூட்டும் எஸ்எம்எஸ்ஸில் தொகை பிழையாகப் போனது. திருத்தும்போது, வசனமும் கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்று "தயவுசெய்து", "நன்றி" என்று சில சொற்களைச் சேர்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் யூனிகோடில் 70தான், ஒற்றும் கொம்பும்கூட அதில் தனித்தனியாக எண்ணப்படும். அந்த எல்லையைத் தாண்டினால் செய்தி 67, 67 ஆக உடைந்து இரண்டாகப் போகும், காசும் இரண்டு மடங்கு. எனது அந்த இரண்டு சொல்லால் ஒரு கடையின் எஸ்எம்எஸ் நிலுவை மாத நடுவிலேயே தீர்ந்துபோனது. அந்த முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டு, கூடிய செலவை நாங்களே கட்டினோம்.

எவ்வளவு அவசரமானாலும் இன்னொருவர் பார்க்காமல் அனுப்ப வேண்டாம். சிறிய திருத்தத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

8. ஓர் இடத்தில் போட்டுப் பார்த்து, பிறகு மற்ற இடங்களுக்கு

பிழையைச் சொன்ன ஆலைக்கு முதலில் அனுப்புங்கள். அங்கே ஒரு மணி நேரம் வண்டிகள் போய் வரட்டும். பிறகு மற்ற இடங்களுக்கு.

அனுப்பிய பிறகு ஒவ்வொரு கணினியிலும் பதிப்பு எண்ணைக் கண்ணால் பாருங்கள். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்குத் தரகு நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டொலருக்கு மேல் இழந்தது. எட்டுச் சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறாமல் பழையது இருந்தது. பிழை தெரிந்ததும் அவசரத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை எடுத்தார்கள், நிலைமை இன்னும் மோசமானது. எந்த இயந்திரத்தில் எது ஓடுகிறது என்று பார்க்காமல் கைவைத்தால் இப்படித்தான் ஆகும். அளவுதான் வேறு, எங்கள் ஆலைகளிலும் அதே கதை நடக்கலாம்.

நேரமும் முக்கியம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும். யாருடைய பில்லையும் தடுக்காமல் அப்டேட் போட அது நல்ல இடைவெளி. கடை திறந்த பிறகு கவனித்துக்கொள்ள மாலை முழுவதும் இருக்கிறது. கடை மூடிய பிறகு இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது வேண்டாம். பிழைத்தால் காலையில் முதல் வண்டிதான் அதைக் கண்டுபிடிக்கும்.

9. ஏற்கனவே கெட்டதைச் சரிசெய்யுங்கள்

திருத்தம் போனதும் பெரும்பாலானோர் நிறுத்திவிடும் இடம் இது. நிரலைத் திருத்தினால் இனி வரும் துண்டுகள்தான் சரியாகும். போன 11 துண்டுகள் அப்படியே இருக்கும்.

முதலில், பாதிக்கப்பட்டவற்றை ஊகித்துத் தேடாமல் விதி வைத்துத் தேடுங்கள். எங்கள் விதி: 2.4.0 பதிப்பில் சேமித்த, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேமிக்கப்பட்ட, கழிவு பூச்சியம் அல்லாத எல்லாத் துண்டும். கணக்கு எழுதுபவர் கையால் எண்ணியது 11. விதி 14ஐக் காட்டியது. மற்ற மூன்றையும் அவருடைய மகன் மாலை நேரத்தில் திருத்தியிருந்தான்.

பழைய பதிவை அழித்து எழுத வேண்டாம். பக்கத்தில் ஒரு திருத்தப் பதிவு போடுங்கள்: எந்தத் துண்டு, எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஆக வேண்டும், ஏன், யார் செய்தது. விவசாயியின் கையில் பழைய எண்ணோடு ஒரு துண்டு இருக்கிறது. கணினியில் அந்த எண்ணே இல்லாமல் போனால் நாளைக்கு அவர் கேட்கும்போது பதில் சொல்ல ஒன்றும் இருக்காது.

பிறகு, ஆட்களிடம் சொல்லுங்கள். 2,600 கிலோ கொண்டுவந்தவருக்கு 50.96 கிலோ குறைந்திருக்கிறது. கிலோ 100 ரூபா என்று வைத்தாலும் 5,096 ரூபா. விதைநெல், உரம், வெட்டுக் கூலி எல்லாவற்றையும் கடனில் போட்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருந்தவரின் காசு அது. ஆலைக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சிலருக்குக் குறைந்ததே தெரிந்திருக்கவில்லை. பட்டியலை எடுத்துக் கொடுப்பது மென்பொருள் குழுவின் வேலை. அதைக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

10. கோரிக்கையை மூடுவது கேட்டவர்

திருத்தியவர் "எனக்குச் சரியாக வருகிறது" என்று மூடக்கூடாது. அவருடைய கணினியில் உள்ள தரவு வேறு, பிரிண்டர் வேறு, பழக்கம் வேறு. "சோதிக்கக் காத்திருக்கிறது" என்ற நிலையில் வைத்துவிட்டு, பதிப்பு எண்ணையும், சோதிக்க வேண்டிய படிகளையும் எழுதுங்கள். படிகள் கோரிக்கையில் இருந்த அதே படிகளாக இருக்கட்டும்.

திருத்திய 2.4.1 பதிப்பு போன அன்று அந்தக் கணக்கு எழுதுபவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடித்தார். 2,600. கழிவு 2. சேமி. 2,548. துண்டைத் திறந்தார், ட்ராக்டர் நம்பரை மாற்றினார், சேமித்தார். 2,548. நாங்கள் கேட்காமலே இன்னொரு தடவை மாற்றிச் சேமித்தார். 2,548. "சரி தம்பி, நிக்குது" என்றார். பிறகு அவரே பதிவை மூடினார்.